ரேடியேட்டரின் காற்றுப் பக்கம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வெயில் நாளில் நெரிசலில் நின்று சூடேறினால், பழி முதலில் ரேடியேட்டர் மேல்தான் விழுகிறது. கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியத்தில் புதிதாக ஒன்றை மாட்டுங்கள் என்பதுதான் இன்று எங்கும் கிடைக்கும் அறிவுரை. கழற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஐம்பது ஆண்டு ஓடிய ரேடியேட்டரை ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். உலோகத்தை மாற்றினால் குளிர்ச்சி கூடிவிடும் என்ற நம்பிக்கையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ரேடியேட்டரில் வெப்பம் பெரும்பாலும் தடைபட்டு நிற்பது உலோகத்துக்கும் காற்றுக்கும் இடையே. ஆகவே எந்த உலோகத்தை மாட்டினோம் என்பதைவிட, கழற்றியதைத் திரும்ப எப்படிப் பொருத்தினோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இதைக் காட்ட எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. அதன் 1798 சி.சி. என்ஜின் நம் ஊருக்கும் அந்நியமானதல்ல. அம்பாசடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினும் அதே 'பி சீரிஸ்' குடும்பத்தில் பிறந்ததுதான். அம்பாசடரைக் கழற்றிப் பழகிய மெக்கானிக் எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்தால், பழகிய முகத்தைப் பார்த்தது போலத்தான் இருக்கும்.

முதலில் வெப்பத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இந்தக் கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும்போது மணிக்குப் பத்து லிட்டர் பெட்ரோல் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 33 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் என்ஜினுக்குள் விடுபடும் மொத்த வெப்பம் 90 கிலோவாட்டைத் தாண்டும். அதில் சக்கரத்தைச் சுழற்றப் போவது கால் பங்கு அளவுதான். இன்னொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது, அதாவது சுமார் 28 கிலோவாட், சிலிண்டர்ச் சுவர்கள் வழியே கூலன்டில் இறங்குகிறது. குளியலறையில் மாட்டும் இரண்டு கிலோவாட் வாட்டர் ஹீட்டர்கள் பதினான்கை ஒரே நேரத்தில் போட்டால் எவ்வளவு வெப்பமோ அவ்வளவு. அதை ஏந்திக்கொள்ள இருப்பதோ ஏறத்தாழ ஆறு லிட்டர் திரவம். ரேடியேட்டர் வேலை செய்யாமல் போனால், இரும்பு பிளாக் உறிஞ்சிக்கொள்வதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், இரண்டொரு நிமிடங்களில் கொதிநிலை வந்துவிடும். கூலன்ட் வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை, தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. சேருமிடத்தில் அதை வாங்கிக்கொள்ளக் காற்று இருந்தாக வேண்டும்.

அந்த 28 கிலோவாட்டை எடுத்துச் செல்ல எவ்வளவு திரவம் வேண்டும், எவ்வளவு காற்று வேண்டும்? ரேடியேட்டரின் மேலிருந்து கீழே வருவதற்குள் கூலன்ட் எட்டு டிகிரி குளிர்கிறது என்றால், நொடிக்கு ஒரு லிட்டர் ஓடினால் போதும். காற்றோ ரேடியேட்டரைக் கடக்கும்போது முப்பது டிகிரி சூடேறினால்கூட நொடிக்கு சுமார் 800 லிட்டர் தேவைப்படுகிறது. ஒரு பக்கம் ஒரு லிட்டர், மறுபக்கம் 800 லிட்டர். காற்றின் அடர்த்தி அவ்வளவு குறைவு. வெப்பம் தாண்டிச் செல்லும் எளிமையிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, குழாயில் விரைந்தோடும் நீர் பல ஆயிரம் வாட் வெப்பத்தை உலோகத்துக்குக் கொடுக்கும். அதே பரப்பிலிருந்து காற்று எடுத்துக்கொள்வது 50 முதல் 100 வாட் வரைதான். நடுவில் இருக்கும் பித்தளைச் சுவரின் தடிமன் 0.15 மில்லிமீட்டர் அளவு. அதன் வழியே 7 லட்சம் வாட் போகலாம். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. குழாய்ச் சுவர் வெப்பத்தைக் கிட்டத்தட்டத் தடுப்பதே இல்லை. நீர் கொஞ்சம் தடுக்கிறது. காற்று பெரிதாகத் தடுக்கிறது. குழாய்களுக்கு இடையே நெருக்கமாக மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்திருப்பது அதற்காகத்தான். காற்றின் பலவீனத்தைப் பரப்பளவால் ஈடுகட்டுகிறார்கள். அப்படிப் பரப்பை ஏழெட்டு மடங்கு கூட்டிய பிறகும் மொத்தத் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றுப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. வில்ஹெல்ம் மைபாக் இதை 1900-லேயே புரிந்துகொண்டவர். 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு அவர் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் ஆறு மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. அந்தக் குழாய்களுக்குள் ஓடியது காற்று. நீர் அவற்றின் இடுக்குகளில்தான் ஓடியது.

செம்பு நல்ல கடத்தி, அலுமினியம் அதைவிடக் குறைவு, ஆனால் பித்தளையை விட அதிகம் என்று ஒப்பிட்டுப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். எண்கள் சரிதான். ஒரு மீட்டர் தடிமனுக்குக் கணக்கிட்டால் செம்பு 390 வாட் அளவும், தூய அலுமினியம் 230 வாட் அளவும், பித்தளை 110 முதல் 120 வாட் வரையும் கடத்தும். ஆனால் அந்தத் தடிமன் மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும்போது இந்த வேறுபாடு காற்றின் தடைக்கு முன்னால் கரைந்துபோகிறது. தகடுகளின் நுனிவரை வெப்பம் போய்ச் சேர்வதில் மட்டும் கடத்துதிறனுக்கு ஓரளவு பங்கு உண்டு. அங்கே செம்புக்குத்தான் சாதகம். அலுமினியத்துக்கும் உண்மையான சிறப்புகள் இருக்கின்றன, அவற்றை மறைக்கக் கூடாது. அதன் எடை குறைவு. ஈயப் பற்று இல்லாமல் உலையில் வைத்து ஒட்டப்படுவதால் அகலமான, உறுதியான குழாய்களை அமைக்க முடிகிறது. பந்தயத்துக்கு என்றே காரைத் தயார் செய்பவருக்கு எடை ஒரு நியாயமான காரணம். சாலையில் ஓடும் பழைய காருக்கோ, செம்பு பித்தளை ரேடியேட்டரின் கோரை, அதாவது குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியை, மட்டும் மாற்றி, பழைய மேல் கீழ் டேங்குகளை அப்படியே வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறது. அடுத்த முறை கசிந்தால் ஈயம் வைத்து அடைக்க எந்த ஊரிலும் ஒரு கடை கிடைக்கும். என் தேர்வு அதுதான்.

கழற்றுவதற்கு முன் செய்யவேண்டிய ஒரு காரியத்தைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள், வெப்பநிலையை அளப்பதை. தொடாமலே வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. என்ஜின் நன்றாகச் சூடேறி, தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, மேல் ஹோஸிலும் கீழ் ஹோஸிலும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் அளந்தால் அந்தக் கருவி குறைவாகக் காட்டும். ரப்பரிலோ கறுப்பு வர்ணத்திலோதான் அளக்க வேண்டும். இரண்டுமே சூடாக இருந்து, இடையே வேறுபாடு மிகக் குறைவாக இருந்தால் கூலன்ட் நன்றாக ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை எடுக்கவில்லை என்று பொருள். மேலே மிகச் சூடாகவும் கீழே வெகுவாகக் குளிர்ந்தும் இருந்தால் ஓட்டம் குறைந்துவிட்டது. அடைபட்ட குழாய்களோ, பாதி திறக்கும் தெர்மோஸ்டாட்டோ, தேய்ந்த வாட்டர் பம்ப்போ, வழுக்கும் பெல்ட்டோ காரணமாக இருக்கலாம். ரேடியேட்டரின் முகப்பில் செங்குத்தாகக் குளிர்ந்த பட்டைகள் தென்பட்டால் அந்த வரிசைக் குழாய்கள் அடைத்துவிட்டன என்று கொள்ளலாம். மீட்டரில் முள் ஏறுகிறது, இந்த அளவுகளோ இயல்பாக இருக்கின்றன என்றால் ரேடியேட்டரைத் தொடவே வேண்டாம். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் என்ஜின் கூடுதல் வெப்பத்தைக் கூலன்டில் கொட்டும். எம்.ஜி.பி.யின் பழைய மாடல்களில் வெப்பமானி மெல்லிய குழாய் வழியே வேலை செய்யும் வகை. அதன் குமிழ் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் இறங்கிவிட்டால் என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இருக்கக்கூடும்.

கழற்றும் வேலை கடினமானதல்ல, ஆபத்து மூடியில் இருக்கிறது. அழுத்தத்தில் 110 டிகிரியில் இருக்கும் ஆறு லிட்டர் நீரைத் திடீரென்று திறந்தால், நூறு டிகிரிக்கு இறங்கும் அந்தப் பத்து டிகிரி வெப்பம் மட்டுமே 150 லிட்டருக்கும் மேல் நீராவியை உண்டாக்கிவிடும். அது மூடியைத் திறந்தவரின் முகத்தில்தான் வந்து அடிக்கும். எனவே என்ஜின் முழுக்க ஆறட்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அகன்ற தட்டில் கூலன்டை வடிக்க வேண்டும். வடிகுழாய் இல்லாத ரேடியேட்டர்களில் கீழ் ஹோஸைக் கழற்றுவதே வழி. இங்கே பலரும் நின்றுவிடுகிறார்கள். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பழைய திரவத்தின் பெரும்பகுதி பிளாக்கிலேயே தங்கிவிடும். பிளாக்கின் பின்பகுதியில் தனியாக ஒரு வடிகுழாய் இருக்கிறது. அதைத் திறந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது, துருச்சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிட்டால்தான் பழுப்பு நிறத்தில் கொட்டும். அந்தச் சேறு அங்கேயே இருக்கப் புதிய ரேடியேட்டரை மாட்டினால், சில மாதங்களில் அதன் மேல் டேங்கில் வந்து படியும். அடுத்து ஹோஸ்கள். கிளிப்பைத் தளர்த்தியும் வராத ஹோஸை முறுக்கி இழுக்காமல், கத்தியால் நீளவாக்கில் கீறி எடுப்பதே நல்லது. ஹோஸ் போனால் சில நூறு ரூபாய்தான். பித்தளைக் கழுத்து விரிசல் விட்டால் பற்றவைப்புக் கடைக்குப் போகவேண்டியிருக்கும். ரேடியேட்டரைச் சுற்றி என்ஜின் அறையின் குறுக்கே நிற்கும் தடுப்புத் தகட்டோடு சேர்த்தும் அதைத் தூக்கலாம், தகட்டை விட்டுத் தனியாகவும் எடுக்கலாம். சேர்த்து எடுப்பதென்றால் முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் ஹோஸ்களையும் பிரிக்க வேண்டும். எந்த வழியில் எடுத்தாலும் ஃபேனுக்கும் கோருக்கும் இடையே ஒரு கெட்டி அட்டையைச் செருகி வையுங்கள். தகடுகளை ஃபேன் இறக்கை கிழிப்பது இந்த நேரத்தில்தான்.

காற்றுதான் தடை என்று வாதாடிவிட்டு உள்ளே சுத்தம் செய்யச் சொல்வது முரண் இல்லையா என்று கேட்கலாம். முரண் இல்லை. போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரின் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு சேர்கிறது. அது பித்தளையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மோசமான கடத்தி. அரை மில்லிமீட்டர் படிந்தாலே காற்றுப் பக்கத்துத் தடையின் கால் பங்கு அளவுக்குப் புதிய தடை ஒன்று சேர்ந்துவிடும். குழாயின் உள்ளிடைவெளியே இரண்டு மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் இருபுறமும் அரை மில்லிமீட்டர் படிந்தால் ஓட்டப் பாதையில் பாதி போய்விடும். முழுக்க அடைத்த குழாயோ, தன்னைச் சுற்றியிருக்கும் தகடுகளையும் சேர்த்துப் பயனற்றதாக்கிவிடுகிறது. அதுவும் காற்றுப் பரப்பின் இழப்புதான். மிதமான சிட்ரிக் அமிலக் கரைசல் சுண்ணாம்பையும் துருவையும் கரைக்கும். வீட்டுத் தரை கழுவும் ஆசிட்டை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்; அது பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தின்றுவிடும், ஈயப் பற்றையும் அரிக்கும். நிலைமை முற்றியிருந்தால் மேல் டேங்கை உருக்கி எடுத்து, குழாய்களுக்குள் தட்டையான கம்பியை விட்டுக் குத்தி எடுப்பதுதான் ரேடியேட்டர்க் கடைகளின் பழைய முறை. ஈயத் தூசும் புகையும் சூழ அதைச் செய்பவரின் நலனும் இந்த வேலையில் அடங்கியது. காற்றோட்டம் இல்லாத மூலையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஈயம் உருக்குபவரிடம் பேரம் பேசுவதற்கு முன் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தைச் சுத்தம் செய்ய என்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி, பூச்சிகள் வந்த வழியே திரும்பிப் போகும்படி, மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சினால் போதும். கார் கழுவும் அழுத்தக் குழாயைக் காட்டினால் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும். மடங்கிய தகட்டில் காற்று போகாது. அதேபோல வர்ணமும் மெல்லிய ஒரு பூச்சுக்கு மேல் வேண்டாம்.

இனி என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். எம்.ஜி.பி.யின் அந்தத் தடுப்புத் தகடு வெறும் தாங்கி அன்று. முன்புறக் கிரில் வழியே நுழையும் காற்று ரேடியேட்டரைக் கடக்காமல் பக்கவாட்டில் நழுவிவிடாதபடி தடுக்கும் சுவர் அது. அதன் மேல் விளிம்புக்கும் மூடிய பானெட்டுக்கும் இடையே ஒரு ரப்பர் பட்டை உண்டு. ஆயில் கூலரின் ஹோஸ்கள் நுழையும் துளைகளில் ரப்பர் வளையங்கள் உண்டு. பல கார்களில் இந்தப் பட்டையும் வளையங்களும் எப்போதோ உதிர்ந்து, யாரும் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். கார் ஓடும்போது அதனால் பெரிய கெடுதி தெரியாது, எதிர்க்காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். சிக்னலில் நின்றதும் நிலைமை மாறுகிறது. ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்று, வெளியேற வழி தேடி, இந்த இடைவெளிகள் வழியே சுற்றி மீண்டும் ரேடியேட்டரின் முன்னால் வந்துவிடுகிறது. கூலன்ட் 90 டிகிரியிலும் வெளிக்காற்று 40 டிகிரியிலும் இருந்தால், வெப்பத்தைத் தள்ளும் வேறுபாடு 50 டிகிரி. சுற்றி வந்த காற்று கலந்து அது 60 டிகிரியாக நுழைந்தால் வேறுபாடு 30-ஆகச் சுருங்குகிறது. ரேடியேட்டர் இறக்கும் வெப்பம் இந்த வேறுபாட்டுக்கு ஏற்பவே இருப்பதால், திறனில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. ஒரு சாண் ரப்பர் பட்டை இல்லாத குறையை எந்த உலோகத்தாலும் ஈடுசெய்ய முடியாது. திரும்பப் பொருத்தும்போது இந்தப் பட்டைக்கும் வளையங்களுக்கும் கொடுக்கும் அரைமணி நேரத்தைத்தான் முழு வேலையிலும் மிக மதிப்புள்ள நேரமாக நான் கருதுகிறேன்.

பொருத்தும் வரிசையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் சில சுற்று மட்டும் ஏற்றி, ஹோஸ்கள் நேராக அமர்கின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கத்தைத் துளைக்குள் நெம்பினால், அந்த முறுக்கு ஈயப் பற்று வைத்த மூலைகளில் தங்கி, சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த இணைப்பைத் தளர்த்தும். ஃபேனுக்கும் கோருக்கும் உள்ள இடைவெளியை நின்ற நிலையில் பார்த்தால் மட்டும் போதாது. என்ஜின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருந்தால், பலமாக பிரேக் போடும்போது என்ஜின் முன்னால் சாய்ந்து ஃபேன் ரேடியேட்டரைத் தொட்டுவிடும். கிரில்லுக்கு முன்னால் அழகுக்காகப் பெரிய விளக்குகளை வரிசையாக மாட்டியிருந்தால், அவை காற்றின் வாசலை அடைக்கின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் தொழிற்சாலையே எம்.ஜி.பி.யின் ரேடியேட்டரை முன்னால் நகர்த்தி, பெல்ட்டில் ஓடிய ஃபேனுக்குப் பதிலாக மின்விசிறியைக் கொண்டுவந்தது. நின்றிருக்கும்போதும் என்ஜின் வேகத்தை நம்பாமல் காற்றை இழுக்க அது உதவியது.

வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, எடுத்து எறிந்துவிடலாமே என்ற யோசனை நம் பட்டறைகளில் வெகுகாலமாக இருந்துவருகிறது. தெர்மோஸ்டாட்டின் எண் அது திறக்கும் வெப்பநிலையைத்தான் குறிக்கும். எம்.ஜி.பி.க்குப் பொதுவாக 82 டிகிரியும், வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரியும், குளிர் நாடுகளுக்கு 88 டிகிரியும் பரிந்துரைத்தார்கள். முழுக்கத் திறந்த பிறகு ரேடியேட்டரின் உச்சத் திறனில் இவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. எடுத்துவிட்டால் காலையில் என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் ஆயிலில் கலந்து சிலிண்டர் தேயும். தெர்மோஸ்டாட்டை எடுத்தால் தண்ணீர் வேகமாக ஓடி, ரேடியேட்டரில் குளிர நேரம் கிடைக்காது என்று எச்சரிப்பவர்களும் உண்டு. எடுக்காதீர்கள் என்ற அவர்கள் முடிவு சரி, சொல்லும் காரணம் தவறு. வேகமாக ஓடும் நீர் ஒவ்வொரு சுற்றிலும் குறைவாகக் குளிர்ந்தாலும் சுற்றுகளின் எண்ணிக்கை கூடுகிறது. ரேடியேட்டர் முழுவதும் சராசரியாகச் சூடாக இருப்பதால் காற்றுக்குப் போகும் வெப்பம் சற்றுக் கூடவே செய்யும். உண்மையான காரணம் அழுத்தம். தெர்மோஸ்டாட்டின் குறுகிய வழி, பம்ப் தள்ளும் நீரை என்ஜினின் தலைப்பகுதியில் சற்று அழுத்தத்தோடு நிறுத்துகிறது. எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி நீராவிக் குமிழிகள் தோன்றாமல் காப்பது அந்த அழுத்தம். பந்தயக்காரர்கள் தெர்மோஸ்டாட்டை எடுக்கும்போது, அதன் இடத்தில் துளையுள்ள ஒரு தடுப்பை வைப்பதன் பின்னணி இதுதான்.

மூடியின் கதையும் அழுத்தத்தின் கதைதான். ஆரம்ப எம்.ஜி.பி.களின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தில் திறக்கும். பின்னால் அது 10 ஆனது. முதலாவதில் நீர் 111 டிகிரியிலும் இரண்டாவதில் 115 டிகிரியிலும் கொதிக்கும். இன்னும் பெரிய மூடி போட்டால் என்ன? கொதிப்பது தள்ளிப்போகும், கார் குளிராது. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கவேண்டியவை ஐம்பது ஆண்டுப் பழைய பற்றுகளும் ஹீட்டரும்தான். அந்தக் காருக்கென்று சொன்ன மூடியே போதும். அதன் ரப்பர் மட்டும் புதிதாக இருக்கட்டும். கூலன்டைப் பொறுத்தவரை, வெறும் தண்ணீர் அதிக வெப்பத்தைச் சுமக்கும் என்பது உண்மை. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் லிட்டருக்குச் சுமக்கும் வெப்பம் எட்டில் ஒரு பங்கு அளவு குறைகிறது. ஆனால் சுமப்பது நீர்ப் பக்கத்தின் வேலை. நம் தடை இருப்பது மறுபக்கம். இரும்பு, செம்பு, பித்தளை, ஈயம் எல்லாம் ஒரே திரவத்தில் கிடக்கும் அமைப்பில் அரிப்புத் தடுப்பு மருந்து இல்லாத தண்ணீர் சில ஆண்டுகளில் செய்யும் கேடு மிகப் பெரியது. பனி உறையாத ஊர்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைக்கால் கூலன்ட், மீதி தாது நீக்கிய நீர் என்பது நல்ல சமரசம். பழைய ஈயப் பற்றுக்கு ஏற்ற பாரம்பரிய வகையைத் தேர்ந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வடித்த தட்டை நாயும் பூனையும் குழந்தைகளும் எட்டும் இடத்தில் விடாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். ஊற்றி நிரப்பும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து, காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மெதுவாக ஊற்றினால் காற்று வெளியேறும். தெர்மோஸ்டாட்டில் உள்ள சிறு ஊசித் துளை மேல்பக்கம் இருக்க வேண்டும். கழுத்துவரை நிரப்ப வேண்டாம். சூடாகும்போது ஆறு லிட்டர் கால் லிட்டர் அளவு பெருகும். தனித் தொட்டி இல்லாத காரில் அது வழிகுழாயில் வெளியேறிவிடும். முதல் ஓட்டத்துக்குப் பின் தரையில் ஈரத்தைப் பார்த்துக் கசிவு என்று பயந்து மறுபடி கழற்றியவர்கள் உண்டு.

கடைசியாக, மிக வலுவான மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது. அலுமினிய ரேடியேட்டர் மாட்டினேன், கார் சூடாவது நின்றுவிட்டது என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிடப்பட்டவை எவை என்று பார்க்க வேண்டும். ஒருபுறம் பாதி அடைத்த, தகடு மடங்கிய ஐம்பதாண்டுப் பழையது. மறுபுறம் புதிய கோர், புதிய ஹோஸ், புதிய கூலன்ட், புதிய மூடி, பெரும்பாலும் புதிய ரப்பர் பட்டைகளும். ஐந்தாறு மாற்றங்களை ஒரே நாளில் செய்துவிட்டுப் பெருமையை உலோகத்துக்கு மட்டும் கொடுப்பது சோதனை ஆகாது. அதே உழைப்பைப் பழைய செம்புக் கோருக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த அனுபவம் நமக்குச் சொல்லவே இல்லை. எனவே இந்த வேலையைத் தொடங்குபவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். கழற்றுவதற்கு முன் மேல் ஹோஸிலும் கீழ் ஹோஸிலும் அளந்த வெப்பநிலையைத் தேதியோடு எழுதுங்கள். பொருத்தி முடித்தபின் அதே போன்ற வெயிலில், நின்ற காரின் என்ஜின் கால்மணி நேரம் ஓடியதும் மறுபடி அளந்து அதன் கீழே எழுதுங்கள். எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து, அந்தத் தாளைக் காரின் பதிவுப் புத்தகத்தோடு வையுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் காரை வாங்குபவருக்கு அது ஒரு புதிய ரேடியேட்டரை விடப் பயன்படும்.